பதினோரு வருட வெறுங்கால்

பிப்ரவரி 17, செவ்வாய்

அரசு மருத்துவமனையில் கட்டுப் போடும் அறையில் இருக்கும் ஜெசிந்தா சிஸ்டர் தினமும் எழுதச் சொல்லியிருக்கிறார். காலையில் சர்க்கரை எவ்வளவு, கட்டுத் துணியில் கசிவு உண்டா, எவ்வளவு நேரம் காலை ஊன்றி நின்றேன். இவ்வளவு எழுதினால் போதுமாம். நான் எனக்குத் தோன்றுவதையும் சேர்த்து எழுதுவேன். டைரி கட்சி கொடுத்தது, கை என்னுடையது, யாரும் கேட்க முடியாது.

பெயர் கோட்டைச்சாமி, வயது ஐம்பத்தேழு. அருப்புக்கோட்டையில் கோட்டை சவுண்ட் சர்வீஸ் என்று மைக்செட் கடை வைத்திருக்கிறேன். ஆனால் மைக்செட் என்று கேட்டால் நாலு பேரைக் காட்டுவார்கள். ‘வெறுங்கால் கோட்டைச்சாமி’ என்று கேட்டால் ஆட்டோக்காரர் நேராக என் வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்குவார். எங்கள் கட்சித் தலைவர் முதலமைச்சர் ஆகும்வரை காலில் செருப்புப் போடுவதில்லை என்று சபதம் எடுத்துப் பதினோரு வருடம் ஆகிறது. இடையில் இரண்டு தேர்தல் போய்விட்டது. அவரும் ஆகவில்லை, நானும் போடவில்லை.

புண்ணைக் கண்டுபிடித்தது என் மனைவி பேச்சியம்மாள். துடைத்து ஈரம் காயாத தரையில் வாசலிலிருந்து அடுப்படி வரை சிவப்புத் திட்டாக இருந்திருக்கிறது. “ஏங்க, காலைத் தூக்குங்க” என்றாள். வலது கால் பெருவிரலுக்குக் கீழே குழி. அதற்குள் ஒயர் அடிக்கிற சின்ன ஆணி ஒன்று தலை வரை இறங்கிக் கிடந்தது. எத்தனை நாளாக அதோடு நடந்தேன் என்று எனக்குத் தெரியாது. வலிக்கவே இல்லை.

டாக்டர் இரண்டு விஷயம் சொன்னார். தினமும் வந்து புண்ணைக் கழுவி மருந்து வைத்துக் கட்டிக்கொள்ள வேண்டும். சர்க்கரைக்காரர்களுக்கான மெத்தென்ற செருப்பை வீட்டுக்குள்ளும் போட வேண்டும். முதலாவது சரி. இரண்டாவது நடக்காது என்று அங்கேயே சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 18, புதன்

சர்க்கரை 286. கசிவு உண்டு. நின்ற நேரம்: மிகக் குறைவு.

பிப்ரவரி 20, வெள்ளி

இன்று ஒரு அவமானம். எழுதாமல் விட்டால் நான் கோட்டைச்சாமி இல்லை.

சிஸ்டர் என்னைக் கண்ணை மூடச் சொன்னார். கையில் கண்ணாடி உறைக்குள் ஒரு நைலான் இழை, தூண்டில் நரம்பு போல இருந்தது. “இதை வச்சு பாதத்துல அங்கங்க தொடுவேன் அண்ணாச்சி. தொட்டது தெரிஞ்சா தெரியுதுன்னு சொல்லுங்க.”

நான் யோசித்தேன். மே மாத வெயிலில் தார்ச்சாலையில் இந்தக் காலோடு ஊர்வலம் போனவன் நான். கூட வந்தவன் எல்லாம் செருப்போடு துள்ளுவான். “சுடலையாண்ணே?” என்று கேட்பான். “கொள்கை இருந்தா சுடாதுடா” என்பேன். அப்பேர்ப்பட்ட காலை ஒரு இழை சோதிப்பதா?

“தெரியுது” என்றேன். “தெரியுது. இப்பவும் தெரியுது.”

“கண்ணைத் திறங்க” என்றார். இழை இன்னும் உறையிலேயே இருந்தது. “நான் இன்னும் தொடவே இல்லையே அண்ணாச்சி.”

பிறகு உண்மையாகவே தொட்டார். பத்து இடம். கண்ணைத் திறந்துகொண்டு பார்த்தேன், இழை வளையும் அளவுக்கு அழுத்துகிறார், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சர்க்கரை நரம்பைத் தின்றுவிட்டது என்றார். எத்தனை வருடமாக என்று கேட்டேன். ஏழெட்டு வருடம் இருக்கலாமாம்.

அப்படியானால் ஏழெட்டு வருடமாகச் சுடாமல் இருந்தது கொள்கையால் இல்லை. இருக்கட்டும். முதல் மூன்று வருடம் சுட்டதே, அப்போதும் நடந்தேனே. அதற்கு யார் கணக்குச் சொல்வார்கள்?

பிப்ரவரி 22, ஞாயிறு

கட்டு அறை விடுமுறை. நானே பார்த்துக்கொண்டேன். மருத்துவமனையில் உப்பு நீரில் கழுவி, பழுப்பு நிற அயோடின் களிம்பை மெல்லிசாகத் தடவுகிறார்கள். கோயில் சுண்டல் போல இத்தனூண்டு. இதில் எந்தக் கிருமி சாகும்? மருந்துக் கடையில் நுரைக்கிற மருந்தும், தண்ணீரில் கலக்கிற கிருமிநாசினியும் வாங்கி, எதிலும் தண்ணீர் சேர்க்காமல் அப்படியே ஊற்றினேன். புஸ்ஸென்று பொங்கியது. பார்க்கவே திருப்தியாக இருந்தது. இரண்டு தடவை ஊற்றினேன்.

பிப்ரவரி 23, திங்கள்

சிஸ்டர் கட்டைப் பிரித்ததும் முகம் மாறியது. புண்ணின் ஓரமெல்லாம் வெந்த முட்டை போல வெளுத்திருந்தது.

“என்ன ஊத்துனீங்க?”

சொன்னேன்.

“அண்ணாச்சி, உங்க ஆம்ப்ளிஃபயர்ல சத்தம் பத்தலைன்னா முழுசாத் திருகி வச்சிருவீங்களா?”

“ஸ்பீக்கர் கிழிஞ்சிரும்.”

“அதேதான். அது கிருமியையும் கொல்லும், இப்பத்தான் எட்டிப் பாக்குற புதுச் சதையையும் சேத்துக் கொல்லும். எவ்வளவு, எத்தனை நாளுன்னு அளவு இருக்கு. உங்களுக்குத்தான் வலிக்காதே, எரியுதுன்னு நிறுத்தவும் மாட்டீங்க.”

எனக்குப் புரிகிற மாதிரி என் தொழிலை வைத்தே திட்டிவிட்டார். 

பிப்ரவரி 24, செவ்வாய்

புண்ணின் மேல் கண்ணாடித் தாளை வைத்து, பேனாவால் சுற்றி வரைந்தார் சிஸ்டர். 2.8க்கு 2.1 சென்டிமீட்டர். எக்ஸ்ரேயில் எலும்பு தப்பித்திருக்கிறது. டாக்டர் தேதி குறித்துவிட்டார்: நான்கு வாரம், மார்ச் 24. அதற்குள் புண் பாதியாகச் சுருங்க வேண்டும். சுருங்காமல் எலும்பைத் தொட்டுவிட்டால் பெருவிரலை எடுக்க வேண்டி வரும். விரலோடு நிற்குமா என்று கேட்டேன். “நிக்கும்னு என்னால எழுதித் தர முடியாது” என்றார்.

பேச்சி வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஆட்டோவில் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

பிப்ரவரி 27, வெள்ளி

மாசித் திருவிழாவுக்கு மைக்செட். நாள் முழுக்க நாற்காலியில்தான் இருந்தேன். வேலையெல்லாம் எங்கள் ஆபரேட்டர் காசிமாயன் பார்த்துக்கொண்டார். நின்ற நேரம்: பத்து நிமிடம்.

பிப்ரவரி 28, சனி

கட்டுக்குள்ளிருந்து சிஸ்டர் இடுக்கியால் ஒரு வைக்கோலும் இரண்டு மண் கட்டியும் எடுத்து, துணியில் வரிசையாக வைத்தார். “நாற்காலியிலயா விளைஞ்சது?” என்றார்.

கூம்பு ஸ்பீக்கரைக் காசிமாயன் வடக்கே பார்த்துக் கட்டிவிட்டார். சரியான திசையில் திருப்ப யாராவது போக வேண்டாமா?

மார்ச் 3, செவ்வாய்

சர்க்கரை 240. புண் 2.8க்கு 2.1. ஒரு வாரத்தில் ஒரு நூல்கூட நகரவில்லை. தினமும் மருந்து வைக்கிறீர்களே, ஏன் ஆறவில்லை என்று சிஸ்டரிடம் சண்டைக்குப் போனேன்.

“மருந்து கிருமியைத்தான் தடுக்கும். உங்க உடம்பு எடையைத் தடுக்காது. நான் காலையில வச்சு அனுப்புறேன், நீங்க சாயங்காலம் வரைக்கும் அதை மிதிச்சுக் கூழாக்கிட்டு வர்றீங்க. அந்தச் செருப்பு மட்டும் போட்டீங்கன்னா...”

“அதைப் பத்திப் பேச வேண்டாம் சிஸ்டர்.”

“சரி. பேசலை. புண்ணு பேசிக்கிரும்.”

சாயங்காலம் கட்சியின் மாவட்டச் செயலாளர் தவசிலிங்கம் வீட்டுக்கு வந்தார். நாங்கள் அவரை ‘மாவட்டம்’ என்றுதான் கூப்பிடுவோம். என்னைவிடச் சின்னவர், நான்கு கார் வைத்திருக்கிறார். சர்க்கரை நோயாளியைப் பார்க்க ஒரு டப்பா லட்டு வாங்கி வந்தார். மார்ச் 29 அன்று தலைவர் பிரச்சாரத்துக்கு வருகிறார். என்னை மேடையில் ஏற்றப் போகிறார்களாம். “கட்டுப் போட்ட காலோட, வெறுங்காலா, படி ஏறி வர்றீங்கண்ணே. தலைவர் பொன்னாடை போத்துறாரு. ஊரே எந்திரிச்சு நிக்கும்.”

பதினோரு வருடத்தில் தலைவரை நான் பத்தடி தூரத்துக்குள் பார்த்ததில்லை. சந்தோஷமாக இருந்தது. ஏன் இருக்கக் கூடாது?

மார்ச் 6, வெள்ளி

அந்தச் செருப்பைப் பேச்சி வாங்கி வந்துவிட்டாள். கறுப்பு, தடித்த அடி, பின்னால் வார், மேலே ஒட்டுகிற பட்டை. கொண்டுவந்து நடு வீட்டில் வைத்தாள். சத்துணவுக் கூடத்தில் நூறு பிள்ளைகளை ஒரு அதட்டலில் உட்கார வைப்பவள், வீட்டில் குரலை உயர்த்துவதே இல்லை. இன்று உயர்த்தினாள்.

“நடு வீட்டுல செருப்பா? சாமி படம் இருக்கு” என்றேன்.

“சாமி கோவிச்சா நான் பேசிக்கிறேன். நீங்க போடுங்க.”

“சபதம்டி. ஊரறிஞ்ச சபதம்.”

“எது சபதம்? அன்னைக்கு உங்க செருப்பு எப்படிப் போச்சுன்னு எனக்குத் தெரியாதா? பதினோரு வருசமா வாயைத் தொறக்காம இருக்கேன். உங்க மரியாதைன்னு இருந்தேன். வெரலு போகப் போகுது, இன்னும் எதுக்கு இருக்கணும்?”

இது டைரியில் எழுதுகிற விஷயம் இல்லை.

மார்ச் 9, திங்கள்

காய்ச்சல் 102. கால் கணுக்கால் வரை சிவந்து வீங்கிவிட்டது. சேர்த்துக்கொண்டார்கள். நரம்பில் மருந்து ஏறுகிறது. டாக்டர் பெட்ஷீட்டை விலக்கி, கணுக்காலுக்கு மேலே பேனாவால் ஒரு கோடு போட்டார். சிவப்பு இந்தக் கோட்டைத் தாண்டினால் உடனே கூப்பிடுங்கள் என்று சிஸ்டர்களிடம் சொன்னார். அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். பயமாக இருந்தது.

மார்ச் 10, செவ்வாய்

3.1க்கு 2.4. பெரிதாகிவிட்டது.

மார்ச் 11, புதன்

சிவப்பு கோட்டைத் தாண்டவில்லை. காய்ச்சல் இறங்கியது. படுத்துக்கொண்டே எழுதுகிறேன். எழுதியே ஆக வேண்டும்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் பழைய பேருந்து நிலைய மைதானத்தில் கூட்டம். மைக்செட் என்னுடையது. தலைவர் வர மூன்று மணி நேரம் தாமதம். கூட்டம் முண்டியதில் கிழக்குப் பக்க ஒயர் அறுந்துவிட்டது. அதைச் சரிசெய்ய ஓடினேன். எவனோ பின்னாலிருந்து மிதித்ததில் ஒரு செருப்பு வார் அறுந்தது, இன்னொன்று கூட்டத்துக்குள் போயே போய்விட்டது. தேட நேரமில்லை. வெறுங்காலோடு மேடை ஏறி மைக் உயரத்தைச் சரி செய்துகொண்டிருந்தேன். தவசிலிங்கம் அப்போது நகரச் செயலாளர். பேச விஷயம் தீர்ந்துபோய்த் தவித்துக்கொண்டிருந்தவர் கண்ணில் என் கால் பட்டது. கேட்கவில்லை, கொள்ளவில்லை. “பாருங்கள் தோழர்களே! தலைவர் கோட்டையில் ஏறும்வரை காலணி அணிய மாட்டேன் என்று சபதமேற்ற நம் சகோதரர் கோட்டைச்சாமி!” என்று அறிவித்துவிட்டார்.

கைதட்டல் எழுந்தது. இருபது வருடமாக அடுத்தவர்களுக்குக் கிடைத்த கைதட்டலை என் ஸ்பீக்கர்களில் கேட்டவன் நான். எனக்கென்று விழுந்தது அதுதான் முதல் தடவை. இல்லை, செருப்பு தொலைந்துவிட்டது என்று சொல்ல வாய் வரவில்லை. போகிற வழியில் புதுச் செருப்பு வாங்கிக்கொள்ள நினைத்திருந்தேன். வாங்கவில்லை. மறுநாள் பேப்பரில் என் பெயர் வந்தது. அதற்குப் பிறகு எப்படி வாங்குவது?

சபதத்தை நான் எடுக்கவில்லை. ஆனால் காத்தவன் நான்தான். அதை யாரும் பொய் என்று சொல்ல விடமாட்டேன்.

மார்ச் 13, வெள்ளி

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மத்தியானம் மாவட்டம் போன் செய்தார். நலம் விசாரித்தார். பிறகு சொன்னார்:

“அண்ணே, கட்டு பெருசாவே இருக்கட்டும். இருபத்தொம்பது வரைக்கும் ஆறிறாமப் பாத்துக்கங்க. ஆறிப்போச்சுன்னா படத்துல எடுபடாது.”

“விரலை எடுக்க வேண்டி வரும்னு டாக்டர் சொல்றாரு மாவட்டம்.”

 பதறிப்போவார் என்று நினைத்தேன்.

“எப்பண்ணே? இருபத்தொம்பதுக்கு முன்னாலயா, பின்னாலயா? முன்னாலன்னா போஸ்டரை மாத்தணும்.”

போனை வைத்துவிட்டேன்.  ஆத்திரத்தில் எனக்குக் கண்ணீர் வந்தது இதுதான் முதல் தடவை. பேச்சி பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது நான் நடு வீட்டில் அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பட்டையை எப்படி ஒட்டுவது என்று தெரியாமல் தலைகீழாக ஒட்டியிருந்தேன். அவள் பையை இறக்கி வைத்தாள். கீழே உட்கார்ந்து சரியாக ஒட்டிவிட்டாள். அவளுக்கும் அழுகை வந்தது, அதை மறைக்கவும் இல்லை.

மார்ச் 17, செவ்வாய்

சர்க்கரை 168. இன்சுலின் நானே போட்டுக்கொள்கிறேன். புண் 2.5க்கு 1.9. அயோடின் அதே அயோடின்தான், அதே இத்தனூண்டுதான். சிஸ்டர் புண்ணைச் சுற்றி மெத்தைத் துண்டு ஒன்றை வெட்டி ஒட்டியிருக்கிறார், எடை புண்ணில் விழாது. நின்ற நேரம்: கழிப்பறைக்கும் சாப்பாட்டுக்கும் மட்டும். இது உண்மை. கடைக்கு இந்த வாரம் ஒரு தடவைகூடப் போகவில்லை. காசிமாயன் ஸ்பீக்கரை எந்தத் திசையில் கட்டினாலும் கட்டட்டும்.

மார்ச் 19, வியாழன்

சுவரெல்லாம் போஸ்டர். ‘காலே போனாலும் கொள்கை போகாத வெறுங்கால் வேங்கையே!’ காலை இப்போதே எடுத்துவிட்டார்கள்.

மார்ச் 24, செவ்வாய்

சிஸ்டர் தாளை வைத்து வரைந்தார். அளந்தார். மறுபடியும் அளந்தார். 1.9க்கு 1.4. பழைய தாளையும் புதிய தாளையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். பரப்பில் பாதிக்கும் கீழே. அடியில் சிவப்பாகப் புதுச் சதை.

“வெரலு உங்ககிட்டயே இருக்கட்டும்” என்றார் டாக்டர். “ஆனா முழுசா ஆற இன்னும் ரெண்டு மாசம் ஆகும். செருப்பைக் கழட்டுனீங்க, திரும்ப முதல்லருந்து.”

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து பேச்சிக்குப் போன் செய்தேன். “இருக்கு” என்றேன். 

மார்ச் 28, சனி

நாளைக்குப் போக வேண்டாம் என்கிறாள் பேச்சி. போவேன். ஒளிந்துகொண்டு செருப்புப் போட நான் என்ன திருடினேனா?

மார்ச் 29, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆட்டோ அதே பழைய பேருந்து நிலைய மைதானத்தில் மேடைக்குப் பின்னால் போய் நின்றது. மாவட்டம் ஓடி வந்து என் காலைப் பார்த்தார். முகம் செத்துவிட்டது.

“என்னண்ணே இது? கழட்டுங்க. அஞ்சே நிமிசம்.”

“கழட்ட முடியாது.”

“போஸ்டர் அடிச்சிருக்கோம்ணே! எவ்வளவு ஜனம் வந்திருக்கு பாருங்க. அஞ்சு நிமிசத்துல கால் போயிராது.”

“உங்க காலைக் கழட்டி வச்சுட்டு நீங்க ஏறுங்க மாவட்டம். அஞ்சு நிமிசம்தானே.”

அதற்குள் மேடையில் அறிவிப்பாளர் என் பெயரைச் சொல்லிவிட்டார். கூட்டம் ஆர்ப்பரித்தது. நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினேன். தலைவர் பக்கத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். உட்கார்ந்தேன்.

மேடையில் மேஜைக்கு முன்னால் கட்சித் துணி தொங்குகிறது. கீழே இருப்பவர்களுக்குத் தலைவரின் இடுப்புக்குக் கீழே தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்த எனக்குத் தெரிந்தது. கறுப்பு, தடித்த அடி, பின்னால் வார், மேலே ஒட்டுகிற பட்டை. என் காலில் இருந்த அதே செருப்பு.

நான் பார்ப்பதை அவரும் பார்த்துவிட்டார். என் காலையும் பார்த்தார். மெல்லக் குனிந்து, “சர்க்கரை எத்தனை வருசமா?” என்றார். நல்ல மாதிரியாகத்தான் கேட்டார்.

“ஏழெட்டு இருக்கும் தலைவரே.”

“எனக்குப் பதினாறு. வீட்டுக்குள்ளயும் போடுங்க. ஒரு நிமிசம்கூட வெறுங்காலா நடக்காதீங்க.” பிறகு மாவட்டத்தின் பக்கம் திரும்பி, “தம்பி யாரு?” என்றார்.

பதினோரு வருடம். அவருக்கு நான் யாரென்றே தெரியாது. நான் தெருத்தெருவாக வெறுங்காலில் நடந்த ஒவ்வொரு நாளும் அவர் இதைப் போட்டுக்கொண்டு நடந்திருக்கிறார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் காலை அவர் காப்பாற்றினார். என் காலைக் காப்பாற்ற வேண்டியவன் நான். என்மேல்தான் வந்தது கோபம்.

எழுந்தேன். மைக்கைப் பிடித்தேன். என் மைக்.

“எல்லாருக்கும் வணக்கம். நான் சபதம் எடுக்கல. அன்னைக்கு இந்த மைதானத்துல என் செருப்பு தொலைஞ்சு போச்சு. அவ்வளவுதான். நீங்க கை தட்டுனீங்க, எனக்குப் பிடிச்சிருந்துச்சு. அதுக்காகப் பதினோரு வருசம் நடந்தேன். காலு மரத்துப்போனது தெரியல. ஆணி ஏறுனது தெரியல.”

 மாவட்டம் கீழே காசிமாயனைப் பார்த்துக் கழுத்தில் விரலை வைத்து இழுத்துக் காட்டினார், மைக்கை நிறுத்து என்று. காசிமாயன் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வெற்றிலையை மென்றுகொண்டே சும்மா இருந்தார்.

“சர்க்கரை இருக்கவங்க நாளைக்கே போயி காலைக் காட்டுங்க. செருப்புப் போடுங்க. இந்த மேடையில இருக்க அத்தனை பேரும் நல்ல செருப்பாத்தான் போட்டிருக்காங்க. நான் இப்பத்தான் பாத்துட்டு வர்றேன். கீழ நிக்கிற நாம மட்டும் எதுக்கு வெறுங்காலா நிக்கணும்?”

யாரும் கை தட்டவில்லை. ஒரு விசில் கேட்டது, அதுவும் பாதியில் நின்றுவிட்டது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். பேச்சி ஆட்டோவில் காத்திருந்தாள்.

மார்ச் 31, செவ்வாய்

சர்க்கரை 141. புண் 1.5க்கு 1.0. கசிவு இல்லை.

பேப்பரில் மூன்று வரி: ‘கட்சிக் கட்டுப்பாட்டை மீறியதால் கோட்டைச்சாமி அடிப்படை உறுப்பினர் பொறுப்பு உட்பட அனைத்திலிருந்தும் நீக்கப்படுகிறார்.’

ஏப்ரல் 2, வியாழன்

மாவட்டம் ஆள் அனுப்பினார். தலைவருக்கு இந்த முறை காற்று நன்றாக வீசுகிறதாம், ஜெயித்தே விடுவாராம். தேர்தல் முடியும்வரை செருப்பைக் கழற்றிவிட்டு, அன்று உடம்பு சரியில்லாமல் உளறிவிட்டேன் என்று ஒரு கடிதம் கொடுத்தால் சேர்த்துக்கொள்வார்களாம். தலைவர் முதலமைச்சரானதும் அவர் கையாலேயே எனக்குச் செருப்பு மாட்டிவிட ஏற்பாடு செய்வார்களாம்.

வந்தவரை உட்கார வைத்து மோர் கொடுத்தேன். நல்ல மனிதர், சொல்லி அனுப்பியதைச் சொல்கிறார். வாசல்வரை வழியனுப்பப் போனேன், செருப்போடுதான்.

“அவரு ஜெயிச்சாலும் சரி, தோத்தாலும் சரி, இதைக் கழட்டுறதா இல்லைன்னு சொல்லிருங்க” என்றேன். “இது நானே எடுத்த சபதம்.”